வாசற்படியும் எல்லைக்கோடும்: வாசகர் கேள்வி-பதில்

அயல்நாட்டார் விருந்தினரை நடத்தும் விதம் பற்றிச் சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் வேலை பார்க்கும் வீடுகள் இன்று செவ்வாய்ப்பேட்டையிலும் உண்டு, ஆத்தூரிலும் உண்டு. ஆகவே கேள்விகள் எல்லாம் அனுபவத்தில் எழுந்த கேள்விகளாகவே இருக்கின்றன. சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இம்முறை இந்த ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் பணிபுரிகிறான். பத்து வயதுப் பேரன் பள்ளித் தோழன் வீட்டுக்கு விளையாடப் போயிருக்கிறான். மாலையில் அந்த வீட்டார் சாப்பிட உட்கார்ந்தபோது, "நீ அறையில் விளையாடிக்கொண்டிரு" என்று இவனை விட்டுவிட்டு அவர்கள் மட்டும் சாப்பிட்டு எழுந்தார்களாம். வீட்டுக்கு வந்த குழந்தையைப் பட்டினி போட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்களும் மனிதர்கள்தானா? (வாசகி, அம்மாப்பேட்டை)

பதில்: தங்கள் வருத்தம் புரிகிறது, அம்மா. இதே செய்தி 2022-ஆம் ஆண்டு உலகெங்கும் பேசப்பட்டு, சுவீடன் நாட்டவர் பலர் "ஆம், எங்கள் சிறுவயதில் அப்படித்தான் இருந்தது" என்று ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். இப்போது அந்த வழக்கம் குறைந்து வருவதாக அவர்களே சொல்கிறார்கள். தங்கள் பேரன் போன வீடு பழைய வழக்கத்தை விடாத வீடாக இருக்கலாம்.

அவர்கள் சொல்லும் காரணத்தையும் கேட்டுவிடுவோம். அங்கே இரவுச் சாப்பாடு தலையை எண்ணிச் சமைக்கப்படுவது. அந்தப் பிள்ளைக்காக அவன் வீட்டில் அவன் தாய் சமைத்து வைத்திருப்பாள், இங்கே வயிற்றை நிரப்பி அனுப்பினால் அந்தச் சாப்பாடு வீணாகும், குடும்பம் ஒன்றாக உட்காரும் நேரமும் கெடும் என்பது ஒரு காரணம். யாருக்கும் கடன்படக் கூடாது, யாரையும் கடனாளியாக்கவும் கூடாது என்ற எண்ணம் மற்றொன்று. கஞ்சத்தனம் என்று நமக்குத் தோன்றுவது, அடுத்த குடும்பத்தின் ஏற்பாட்டில் தலையிடாத மரியாதை என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு இந்த விளக்கத்தில் பாதிதான் சம்மதம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு தட்டுப் போட்டுவிட்டு அதன் தாய்க்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்வதால் எந்த மரியாதையும் கெட்டுவிடாது.

ஆனால் அதே சுவீடனில் இன்னொரு வழக்கம் இருப்பதைத் தங்கள் மகன் சொல்லியிருக்கக் கூடும். அங்கே முன்பின் தெரியாத எவரும், வெளிநாட்டவர் உட்பட, பிறர் நிலத்தில் நடந்து போகலாம். காட்டில் விளையும் பெர்ரிப் பழங்களையும் காளான்களையும் பறிக்கலாம். ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்கலாம். வீட்டை ஒட்டி வரக் கூடாது, பயிரை மிதிக்கக் கூடாது, குப்பை போடக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. 1994-இல் இந்த உரிமையை நாட்டின் அரசியல் சட்டத்திலேயே குறிப்பிட்டுவிட்டார்கள். பக்கத்து நாடான நார்வே 1957-இல் இதற்கென்று தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது: குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டு, உடைமையாளரைக் கேட்காமலேயே இரண்டு இரவு வரை தங்கிக்கொள்ளலாம். நம் ஏற்காட்டில் காபித் தோட்டத்து இரும்புக் கதவில் "தனியார் சொத்து, அனுமதியின்றி நுழையாதீர்" என்ற பலகையைத் தாண்டி, சில்வர் ஓக் மரத்தடியில் ஓர் அந்நியன் கூடாரம் அடித்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காவலாளி வருவார், பிறகு மேலாளர் வருவார், சாயங்காலத்துக்குள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் அதே தோட்டத்து உரிமையாளர் வீட்டுக்கு நீங்கள் உச்சிப் பொழுதில் போய் நின்றால் சாப்பிடாமல் விடமாட்டார். நாம் இலை போடுகிறோம், வழி விடுவதில்லை. அவர்கள் வழி விடுகிறார்கள், இலை போடுவதில்லை.

இதற்கும் வானத்திலிருந்து இறங்கிய காரணம் எதுவும் இல்லை. சுவீடன் பரப்பளவில் தமிழ்நாட்டைப்போல் மூன்று மடங்குக்கு மேல். மக்கள்தொகையோ நம்மில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு. யார் நடந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. கடல் கால்வாயைத் தாண்டினால் டென்மார்க். மொழியும் மதமும் உணவும் நெருங்கிய உறவுடையவை. ஆனால் அங்கே நிலத்தில் பாதிக்கும் மேல் உழவுக்குப் போய்விட்டது. அங்கே தனியார் காட்டில் பாதையை விட்டு இறங்கி நடக்க அனுமதியில்லை, நினைத்த இடத்தில் கூடாரமும் போட முடியாது. பக்கத்து நாடுகளுக்கிடையே உள்ள வேற்றுமையைக் குணம் என்று எழுதிவிடுவதற்கு முன் நிலம் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

இன்னும் ஒன்று. குழந்தைக்குச் சோறு போடாத அந்த நாடுதான் 2015 என்ற ஒரே ஆண்டில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அடைக்கல விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு பரிசீலித்தது. டென்மார்க் அப்போது, 2016 ஜனவரியில், அடைக்கலம் கேட்டு வருகிறவர்களிடம் தன் நாணயத்தில் 10,000 குரோனருக்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள் இருந்தால் அவர்களுடைய பராமரிப்புச் செலவுக்காக எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டது; திருமண மோதிரம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அதே மாதத்தில் சுவீடனும் இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்தைக் கடந்து வருகிறவர்களின் அடையாளச் சீட்டைச் சோதிக்கத் தொடங்கி, கதவைப் பாதி சாத்திக்கொண்டது. ஆகவே யாரையும் தலையில் வைத்துக்கொண்டாட வேண்டியதில்லை.

பேரனுக்கு ஒரு வழி சொல்கிறேன். அடுத்த முறை தங்கள் மகன் முன்கூட்டியே அந்த வீட்டாரிடம், "இவன் உங்களோடு சாப்பிடலாமா?" என்று கேட்டுவிடட்டும். கேட்டால் எண்ணிக்கையில் ஒரு தலை கூடும், அவனுக்கும் தட்டு வரும். கேட்பது அங்கே கௌரவக் குறைவு இல்லை.

கேள்வி: உலகத்தில் அந்நியருக்கு மிகவும் உதவுகிறவர்கள் எந்த நாட்டவர்? இதைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்களா? (வாசகர், குகை, சேலம்)

பதில்: பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் லெவின் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 23 நாடுகளில் நாட்டுக்கொரு பெருநகரம் என்று தேர்ந்தெடுத்து, மூன்று சோதனைகளைத் தெருவிலேயே நடத்தினார்கள். நடந்து போகிறவர் பேனாவைத் தெரியாமல் தவறவிடுவார். காலில் கட்டுப் போட்டவர் பத்திரிகைகளைக் கீழே சிந்திவிட்டு எடுக்கத் திண்டாடுவார். பார்வையற்றவர் சாலையைக் கடக்க நிற்பார். எத்தனை பேர் உதவுகிறார்கள் என்று எண்ணினார்கள். 2001-இல் வெளியான முடிவில் ரியோ டி ஜெனிரோ 93 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது. நம் கல்கத்தா 83 விழுக்காட்டுடன் முன்வரிசையில் நின்றது. கடைசி மூன்று இடங்களில் சிங்கப்பூர் 48, நியூயார்க் 45, கோலாலம்பூர் 40 என்ற அளவில் இருந்தன. பணம் பெருகிய ஊர்களில் உதவி சற்றுக் குறைவு என்பது அவர்கள் கண்ட பொதுப் போக்கு.

கோலாலம்பூரில் உறவினர் உள்ளவர்கள் இதைப் படித்துச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஒரு நாட்டுக்கு ஒரு நகரத்தைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது, சேலம் புதிய பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் நின்றுவிட்டுத் தமிழர் குணத்தை எழுதுவதற்கு ஒப்பானது.

இன்னொரு ஆராய்ச்சி இதைவிடப் பெரியது, 2019-இல் வெளியானது. 40 நாடுகளில் 355 நகரங்களில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பணப்பைகளை வங்கி, தபால் நிலையம், விடுதி போன்ற இடங்களில் உள்ள ஊழியரிடம் "இது தெருவில் கிடந்தது, உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பையில் ஒரு முகவரி அட்டை, ஒரு சாவி, மளிகைச் சாமான் பட்டியல்; சிலவற்றில் பணம். உரியவருக்கு மின்னஞ்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். 38 நாடுகளில், பணம் இல்லாத பையைவிடப் பணம் இருந்த பைக்கே அதிகமாகத் தகவல் வந்தது. மனித குலத்தைப் பற்றி அண்மையில் வந்த நல்ல செய்திகளில் இது ஒன்று. சுவிட்சர்லாந்து, நார்வே முதலியவை மேலே இருந்தன; சீனா அடியில் இருந்தது.

சீன ஆராய்ச்சியாளர்கள் இதை விடவில்லை. எங்கள் ஊரில் யார் மின்னஞ்சல் எழுதுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, அதே சோதனையைத் தம் நாட்டில் மீண்டும் நடத்தி, மின்னஞ்சல் அனுப்பாதவர்களில் பெரும்பாலோர் பையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்ததை 2023-இல் காட்டினார்கள். இது நமக்கும் பொருந்தும். நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே ஆணியில் ஒரு குடை, ஒரு தூக்குச் சட்டி, ஒற்றைத் தலைக்கவசம் என்று எவரோ விட்டுப்போனவை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் யாருக்கும் கடிதம் எழுதமாட்டார். ஆனால் ஆறு மாதம் கழித்து வந்து கேட்டாலும் தூசி தட்டிக் கொடுப்பார். அது எந்த ஆராய்ச்சியின் அட்டவணையிலும் ஏறாது.

கேள்வி: ஏற்காட்டில் வீட்டின் ஒரு பகுதியைப் பயணிகள் தங்க விடுகிறோம். நெதர்லாந்துத் தம்பதியர் காபி வேண்டாம் என்றபோது, மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் வற்புறுத்தினோம். அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. பின்னர் பெங்களூரில் படிக்கும் ஈரானிய மாணவர்கள் வந்தார்கள். அவர்களும் வேண்டாம் என்றார்கள். முன் அனுபவத்தால் உடனே விட்டுவிட்டோம். இரவில் பார்த்தால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னதான் செய்வது? (வாசகி, ஏற்காடு)

பதில்: தங்கள் தவறு எதுவும் இல்லை, ஆட்கள் மாறி வந்துவிட்டார்கள். ஈரானியரிடம் நம்மைப் போன்ற பழக்கம் உண்டு, நம்மைவிடக் கூடுதலாகவே உண்டு. முதல் அழைப்பை மறுப்பது அங்கே நாகரிகம், இரண்டாவதையும் மறுப்பார்கள், மூன்றாவது முறை கேட்டால்தான் மெய்யாகக் கூப்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். வாடகைக் கார் ஓட்டுநர் "உங்களிடம் பணமா?" என்று மறுப்பார், கடைக்காரரும் மறுப்பார், அதை அப்படியே நம்பி நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போன வெளிநாட்டவரைத் துரத்திக்கொண்டு வந்து பணம் கேட்ட கதைகள் ஏராளம். பக்கத்து நாடான துருக்கியிலும் தேநீர் தந்து உபசரிப்பதற்குக் குறைவில்லை. ஆனால் அங்கே கடைக்காரர் விலையைச் சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வார். தேநீர் போதும் என்றால் சிறு கரண்டியைக் குவளையின் வாய் மீது குறுக்கே வைத்துவிடும் வழக்கம் அங்கே உண்டு. வாயால் மறுத்துப் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் இலையை மடிக்கும் வரை பரிமாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நெதர்லாந்துக்காரர்கள் இதற்கு நேர் எதிர். அவர்கள் "வேண்டாம்" என்றால் வேண்டாம். அதை இரண்டாம் முறை கேட்டால், நான் சொன்னது உன் காதில் விழவில்லையா என்று நினைப்பார்கள். காபியோடு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டப்பாவை மூடி உள்ளே வைத்துவிடுவார்கள் என்று தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதும் அவர்களுக்கு வழக்கம். ஒரு பிஸ்கட் என்றால் அளவோடு தந்தார்கள் என்றே பொருள். வேண்டா வெறுப்பாகத் தந்தார்கள் என்று எண்ணக் கூடாது.

விடுதி நடத்துகிறவர் நாடு நாடாகப் படித்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு ஃபிளாஸ்க்கில் காபியையும், தட்டில் முறுக்கையோ தட்டுவடையையோ, வாழைப்பழத்தையோ கூடத்து மேசையில் வைத்து, "இது தங்குகிற எல்லோருக்கும் வைத்தது" என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். கேட்பதும் மறுப்பதும் இல்லாமல் போய்விடும். ஈரானிய மாணவர்கள் திரும்பி வந்தால் மட்டும் மூன்று முறை கேளுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு இலங்கை போகிறோம். பக்கத்து நாடு, தமிழும் பேசுகிறார்கள். தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா? (வாசகர், ஓமலூர்)

பதில்: பக்கத்து நாடு என்பதாலேயே உண்டு. ஜப்பானுக்குப் போகிறவர் பத்துப் பேரை விசாரித்துவிட்டுப் போவார். இலங்கைக்கு நாம் விசாரிப்பதில்லை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் கோயில் வாசலில் எல்லாரும் செய்வதுதானே என்று நினைக்கலாம், அங்கே அது பெரும் அவமதிப்பு. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணை 2014-இல் கைது செய்து நாட்டை விட்டு அனுப்பினார்கள். பின்னர் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அது தவறு என்று இழப்பீடு வழங்கச் சொன்னது வேறு விஷயம். விகாரைக்குள் செருப்போடு தொப்பியையும் கழற்ற வேண்டும். பௌர்ணமி தோறும் பொது விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது. வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிப் போனால் தெருவெங்கும் பந்தல் போட்டு, எந்த ஊர், எந்த மதம் என்று கேட்காமல் சோறும் பானமும் தருவார்கள்; தயங்காமல் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுங்கள். சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகையின்போது கூழ் வாங்கிக் குடித்தவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது.

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கும் என் மகனிடம் கொரிய மேலாளர் முதல் நாளே வயதைக் கேட்டாராம். முன்பு ஜப்பானிய நிறுவனத்தில் இருந்தபோது இரண்டு வருடம் பழகியும் எவரும் கேட்கவில்லையாம். இருவரும் பக்கத்துப் பக்கத்து நாட்டுக்காரர்கள்தானே? (வாசகர், ஆத்தூர்)

பதில்: கொரியர்களுக்கு எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசுவது கடினம், மரியாதை வினைமுற்றிலேயே வந்துவிடும். அது மட்டுமல்ல, யார் யாருக்கு ஊற்றிக் கொடுப்பது, யார் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது என்பதெல்லாம் வயதைப் பொறுத்தது. ஆகவே கேட்டது துருவல் இல்லை, மரியாதைக்கான ஏற்பாடு. ஜப்பானிலும் மரியாதை மொழி உண்டென்றாலும், அந்நியர் எல்லோரையும் ஒரே தொலைவில் வைத்து, எல்லோருக்கும் ஒரே அளவான மரியாதையைத் தந்துவிடுவதால் வயதைக் கேட்காமலே காலம் ஓடிவிடும். சாப்பாட்டு மேசையிலும் இப்படித்தான்: சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்திச் சாப்பிடுவது ஜப்பானில் ஒழுங்கு; கொரியாவில் கிண்ணம் மேசையை விட்டு எழும்பக் கூடாது. தங்கள் மகன் இரண்டு மேசைகளிலும் உட்கார்ந்தவர். நம்மைவிட நன்றாகச் சொல்வார்.

கேள்வி: கனடாக்காரர்கள் சாதுக்கள், அமெரிக்கர்கள் அப்படியல்ல என்கிறார்களே, உண்மையா? (வாசகர், அழகாபுரம், சேலம்)

பதில்: கனடாக்காரர்கள் எடுத்ததற்கெல்லாம் வருத்தம் தெரிவிப்பவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அதனால் சட்டச் சிக்கல் வந்துவிடுமோ என்று அஞ்சி, ஒருவர் வருத்தம் தெரிவித்ததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒன்டாரியோ மாகாணம் 2009-இல் ஒரு சட்டமே இயற்றியது. 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டபோது, நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கேண்டர் என்ற சிற்றூரில் 38 பயணிகள் விமானங்கள் இறங்கின. சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் வீடுகளிலும் தங்க வைத்துச் சோறு போட்டுத் துணி துவைத்துக் கொடுத்தார்கள்.

நம்மவர் கதை ஒன்றும் அதே தீவில் உண்டு. 1986 ஆகஸ்டு 11 அன்று, இலங்கைத் தமிழர் 155 பேர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் பனிமூட்டத்துக்கு நடுவே அந்தக் கரைக்கு அப்பால் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, உள்ளூர் மீனவர்கள் கண்டு கரை சேர்த்தார்கள். அவர்கள் ஜெர்மனியிலிருந்து கப்பலேற்றிவிடப்பட்டவர்கள் என்பதும், எங்கிருந்து வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னது முழு உண்மையில்லை என்பதும் சில நாளில் வெளிப்பட்டன. எதிர்ப்பும் எழுந்தது. ஆயினும் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது.

இதே கனடாவின் மேற்குக் கரைக்கு 2010 ஆகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பலில் 492 தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். அதே மொழி, அதே போர், அதே கடற்பயணம். இம்முறை அனைவரையும் தடுப்புக் காவலில் வைத்தார்கள். பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். இப்படிக் கூட்டமாக வருகிறவர்களைக் கட்டாயமாகத் தடுத்து வைக்க இரண்டு ஆண்டில் சட்டமும் வந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளில் கனடாக்காரரின் ரத்தம் மாறிவிட்டதா? இல்லை. 1986-இல் வந்தவர்கள் கரையில் நனைந்து நடுங்கிய ஆட்களாகத் தெரிந்தார்கள். 2010-இல் வந்தவர்கள் ஆள் கடத்தல், பயங்கரவாதம் என்ற செய்திக்குப் பின்னால் எண்ணாகத் தெரிந்தார்கள். கேண்டரில் இறங்கியவர்களோ ஐந்தாறு நாளில் போய்விடுகிறவர்கள் என்று ஊருக்கே தெரியும்.

அமெரிக்கரைப் பற்றிக் கேட்டீர்கள். மின்தூக்கியில் ஏறியவுடன் புதியவரோடு பேச்சுக் கொடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் படத்தைக் காட்டிவிடுவார்கள். அதைக் கொண்டு நட்பு வளர்ந்துவிட்டது என்று எண்ணி மறுநாள் வீட்டுக்குப் போய் நின்றுவிடாதீர்கள். எந்த நாடு சாது என்ற கேள்வியை விட்டுவிட்டு, வந்து போகிறவரை எப்படி நடத்துகிறது, வந்து தங்குகிறவரை எப்படி நடத்துகிறது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால் பதில் தெளிவாக வரும். பெரும்பாலான நாடுகள் இரண்டுக்கும் ஒரே பதில் தருவதில்லை.

கேள்வி: ஞாயிறு வந்தால் ஏற்காட்டில் நடக்க இடமில்லை. பூடான் நாட்டில் இருப்பதுபோலக் கட்டணம் போட்டுக் கூட்டத்தைக் குறைத்தால் என்ன? நேபாளம் குப்பைமேடாகியும் பூடான் தூய்மையாக இருப்பதற்கு அதுதானே காரணம்? (வாசகர், ஏற்காடு)

பதில்: பூடான் 1974 முதல்தான் சுற்றுலாப் பயணிகளை அனுமதித்தது, அன்றிலிருந்து குறைந்த ஆட்கள், கூடிய கட்டணம் என்பதே கொள்கை. இன்று பிற நாட்டவர் ஓர் இரவுக்கு 100 டாலரும், இந்தியர் 1,200 ரூபாயும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று செலுத்த வேண்டும். 2022-இல் அதை 200 டாலராக ஏற்றிப் பார்த்தார்கள். ஆள் வரவில்லை என்று மறு ஆண்டே பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நேபாளம் 1950-களிலேயே கதவைத் திறந்து, மலையேறுகிறவர், பக்தர், கையில் காசில்லாமல் ஊர் சுற்றுகிறவர் என்று எல்லோரையும் உள்ளே விட்டது. நெரிசலும் குப்பையும் அதற்குக் கொடுத்த விலை. தேநீர்க் கடையும் தங்கும் அறையும் வைத்துப் பிழைத்த ஆயிரக்கணக்கான மலைக் குடும்பங்கள் அதனால் கிடைத்த பயன்.

பூடானின் புன்சிரிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அந்நாட்டின் தெற்கே பல தலைமுறைகளாக வாழ்ந்த நேபாளி மொழி பேசும் மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குடியுரிமை இழந்து வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கு நேபாளத்து முகாம்களில் அவர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். நேபாளம் இடம் கொடுத்தது, குடியுரிமை கொடுக்கவில்லை. கடைசியில் பெரும்பாலோரை அமெரிக்கா உள்ளிட்ட தூர தேசங்கள்தான் ஏற்றுக்கொண்டன. பக்கத்தில் இருந்தவர்கள் எவரும் முழுக்கதவையும் திறக்கவில்லை.

ஏற்காட்டுக்கு வருவோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அது வண்டியை எண்ணுகிறது, ஆளின் சட்டைப் பையை எடை போடுவதில்லை. வண்டியை எண்ணுவது எனக்கு உடன்பாடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே நேரத்தில் எத்தனை கார் ஏறலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருந்தே தீர வேண்டும். ஆனால் தலைக்கு 500 ரூபாய் என்று கட்டணம் வைத்தால் நட்சத்திர விடுதிக்கு வருகிறவர் நிற்கமாட்டார். வாரத்தில் ஆறு நாள் பட்டறையில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்துவிட்டு ஞாயிறு அன்று பிள்ளைகளை அரசுப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஏரியைக் காட்ட வருகிறாரே, அவர்தான் அடிவாரத்தோடு நிற்பார். மலையில் அந்நியர் என்று முதலில் கழிக்கப்படுகிறவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியைக் குடித்தனத்துக்குக் கேட்டு ஒரு நேபாளக் குடும்பம் வந்திருக்கிறது. கணவர் உணவகத்தில் சமையல் வேலை, இரண்டு குழந்தைகள். நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார், "வெளிநாட்டுக்காரருக்கு வீடு கொடுத்துச் சிக்கிக்கொள்ளாதே" என்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, சூரமங்கலம்)

பதில்: கொடுங்கள். 1950-இல் கையெழுத்தான இந்திய-நேபாள ஒப்பந்தத்தின்படி நேபாளக் குடிமக்கள் விசா இல்லாமல் இங்கே வரலாம், வசிக்கலாம், தொழில் செய்யலாம். நம்மவர்க்கும் அங்கே அதே உரிமை என்பது ஒப்பந்தம். ஆகவே அவர் சட்டத்துக்குப் புறம்பாக இங்கே இருக்கிறாரோ என்ற அச்சம் வேண்டாம். அவருடைய குடியுரிமைச் சான்றின் நகல், வேலை பார்க்கும் உணவகத்தின் பெயர், ஊரில் உள்ள உறவினர் ஒருவரின் எண் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்; தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் உள்ளூர்க்காரருக்குக் கொடுத்தாலும் அதைக் கேட்கிறது. குடிவருகிறவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டால் அக்கம்பக்கத்தார் வாயும் அடங்கும்.

முன்பணத்தில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். வெளியூர்க்காரர் என்றால் பத்து மாத வாடகையைக் கேட்பதும், உள்ளூர்க்காரர் என்றால் ஐந்தில் முடித்துக்கொள்வதும் நம் ஊரில் நடக்கிறது. போன முறை குடியிருந்தவரிடம் எவ்வளவு வாங்கினீர்களோ அதையே இவரிடமும் வாங்குங்கள். தண்ணீர் வரும் நேரம், மோட்டார் போடும் முறை, குப்பை வண்டி வரும் நாள் ஆகியவற்றைத் தமிழில் விரைவாகச் சொல்லி முடித்துவிடாமல், ஒருமுறை குழாயருகே அழைத்துப் போய்க் காட்டிவிடுங்கள். முதல் மாதச் சண்டைகள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குகின்றன. பிள்ளைகளைச் சேர்க்க அருகில் உள்ள அரசுப் பள்ளியை அவர்கள் கேட்பார்கள். ஜூன் மாதத்துக்கு முன்பே தலைமை ஆசிரியரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.